முளையில் தெரியாத பயிர்

தை பிறந்து நாலைந்து நாள் ஆகியிருந்தது. கீழச்சிவல்பட்டியை விட்டு இளையாத்தங்குடிப் பக்கம் நடந்தபோது, சாலையோரப் புஞ்சையில் ஒரு பெரியவர் பனங்கிழங்குப் பாத்தியை வெட்டிச் சரித்துக்கொண்டிருந்தார். கண்மாய் மணலும் செம்மண்ணும் கலந்து முழங்காலுக்கு மேல் உயர்த்திக் கட்டிய மேட்டுப் பாத்தி. மண்வெட்டியால் ஓரத்தை வெட்டியதும் மண் சுவர்போல் நின்றது. அந்தச் சுவரில் கிழங்குகள் வரிசையாகத் தெரிந்தன. உச்சியில் கறுத்துக் காய்ந்த பனங்கொட்டை, அதிலிருந்து இறங்கும் ஒரு குழாய், அதன் அடியில் கூர்மையாக முடியும் கிழங்கு, கிழங்கின் நுனியில் வெள்ளை வேர்கள். நான் நின்ற பக்கம் பாத்தியின் மேல்பரப்பில் பச்சை என்று சொல்ல ஒரு புல்லும் இல்லை.

“அய்யா, எப்ப வச்சது?”

“ஆவணிக் கடைசியில. பழம் விழுந்து, கொட்டையக் காயவிட்டு வச்சது. நாலு மாசமாச்சு தம்பி.”

நான்கு மாதம். அந்த மழைக்காலம் முழுவதும் இந்தப் பாத்தியைத் தாண்டிப் போனவர் எவரும் இங்கே ஏதோ வளர்கிறது என்று நினைத்திருக்க மாட்டார். மேலே ஒன்றும் இல்லை, கீழே ஒன்றரை முழம்.

‘விளையும் பயிர் முளையிலே தெரியும்’ என்று நாம் எல்லோரும் சொல்கிறோம். பாட்டுக் கற்கப் போகும் பிள்ளையைப் பற்றி, படம் வரையும் பிள்ளையைப் பற்றி, கவிதை எழுதி ஒளித்து வைக்கும் பிள்ளையைப் பற்றி வீட்டுத் திண்ணையில் பேச்சு வந்தால் இந்தப் பழமொழி தானாக வந்து விழும். இதே கீழச்சிவல்பட்டியில் இருநூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவர் பாடுவார் முத்தப்பர். பழமொழிகளைக் கோத்துச் செயங்கொண்டார் சதகம் பாடியவர். ‘பாடுவார்’ என்பதே பெயரோடு ஒட்டிக்கொண்ட அளவுக்குப் பாட்டால் அறியப்பட்டவர். பழமொழிக்கு அப்படி மதிப்புக் கொடுத்த ஊரில் நின்றுகொண்டு ஒரு பழமொழியைச் சந்தேகிக்கக் கொஞ்சம் தயக்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அந்தப் பாத்தியின் முன் நின்றபோது, இந்தப் பழமொழியைச் சொன்னவர் நெல்லைப் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும், பனையைப் பார்த்துச் சொல்லியிருக்க மாட்டார் என்று தோன்றியது.

பனை முளைக்கும் விதமே தனி. அவரையையோ புளியங்கொட்டையையோ ஊன்றினால் வேர் கொஞ்சம் கீழே போகும், தண்டு மேலே வரும், இரண்டு பருப்பும் விரிந்து நம்மைப் பார்க்கும். பனங்கொட்டையிலிருந்து முதலில் வெளியே வருவது வேர்போலத் தெரியும். உண்மையில் அது வேர் இல்லை. விதையிலையின் காம்பு. அந்தக் காம்பு ஒரு குழாயாக நீண்டு நேரே மண்ணுக்குள் இறங்குகிறது. அதன் நுனிக்குள்ளே, பொத்தி வைத்த விரல்போல, மரத்தின் முளைக்கரு உட்கார்ந்திருக்கிறது. அதாவது, பனை தன் விதையை விட்டுத் தன்னையே எடுத்துக்கொண்டு கீழே பயணம் போகிறது. வேண்டிய ஆழம் வந்த பிறகுதான் நுனியில் வேர் விடுகிறது. குழாய்க்குள்ளேயே முதல் இலையின் உறை பருத்து மாவு சேர்க்கிறது. அதைத்தான் நாம் மஞ்சளும் உப்பும் போட்டு வேகவைத்துத் தின்கிறோம். அதன் பிறகு, குழாயைப் பிளந்துகொண்டு ஒற்றை இலை மேலே கிளம்புகிறது.

ஏன் இந்தச் சுற்றுவழி? சிவகங்கைச் சீமையின் சித்திரை வெயிலை நினைத்தால் போதும். மேல் மண் அடுப்புபோல் கொதிக்கும். ஆடு மேயும். காய்ந்த புல்லில் தீ ஓடும். வளர்நுனி ஒன்றே ஒன்றுதான் இருக்கும் மரத்துக்கு, அந்த நுனி கருகினால் எல்லாம் முடிந்தது. வேம்பை வெட்டினால் பக்கத்தில் துளிர்க்கும். பனைக்குக் குருத்து போனால் உயிரே போயிற்று. அதனால், அந்த ஒற்றை உயிரை வெயிலும் வாயும் நெருப்பும் எட்டாத ஆழத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டுத்தான் பனை மேலே வரத் துணிகிறது.

பெரியவர் ஒரு கொட்டையை அரிவாளால் இரண்டாகப் போட்டு என்னிடம் நீட்டினார். உள்ளே வெள்ளையாக, பஞ்சுபோல மெத்தென்று ஒரு உருண்டை. தவுன் என்றும் பூரான் என்றும் ஊருக்கு ஒரு பெயர் இதற்கு. கடித்தால் இனிக்கும். கொஞ்சம் முற்றினதால் சக்கையாக இருந்தது. கொட்டையின் உட்சுவரை விரலால் தடவிப் பார்த்தேன். ஒரு காலத்தில் நுங்காக வழுவழுத்த அதே பகுதிதான் முற்றி, தந்தம்போல் கெட்டிப்பட்டிருந்தது. அந்தக் கெட்டிச் சுவரில் தவுன் தொட்ட இடமெல்லாம் கரைந்து குழைந்திருந்தது. தொடாத இடம் கல்.

இந்தத் தவுன், விதையிலையின் மறுமுனை. காம்பு கீழே போக, இந்த முனை கொட்டைக்குள்ளேயே தங்கிவிடுகிறது. நொதிகளைச் சுரந்து அந்தக் கல் சுவரைக் கரைக்கிறது. அதில் கிடைக்கும் சர்க்கரையை உறிஞ்சிக் குழாய் வழியாக, ஒரு முழத்துக்குக் கீழே இருக்கும் குழந்தைக்கு அனுப்புகிறது. வெளிச்சம் பார்க்காத, ஒரு பச்சை இலைகூட இல்லாத ஒரு உயிருக்கு மாதக்கணக்கில் இப்படித்தான் சோறு போகிறது. தாய்மரம் முன்கூட்டியே கட்டிக் கொடுத்த சோறு. குழந்தை இன்னும் ஒன்றும் சம்பாதிக்கவில்லை. சம்பாதிக்க வேண்டும் என்று யாரும் கேட்கவும் இல்லை.

அதைப் பார்த்தபோது எனக்குக் காரைக்குடி வீணையின் நினைவு வந்தது.

காரைக்குடி சகோதரர்கள் என்று இசையுலகம் கொண்டாடிய சுப்பராமய்யரும் சாம்பசிவய்யரும் பிறப்பால் புதுக்கோட்டைத் திருக்கோகர்ணத்தவர்கள். தலைமுறை தலைமுறையாக வீணை வாசித்த குடும்பம். நகரத்தார் ஆதரவில் காரைக்குடிக்கு வந்து நிலைத்தார்கள். ஊர்ப்பெயரே இசைவழியின் பெயராயிற்று. அண்ணன் வீணையை நிமிர்த்திப் பிடித்து வாசிப்பார், தம்பி மடியில் கிடத்தி வாசிப்பார். இருவரும் சேர்ந்து வாசித்தார்கள், அண்ணனின் மறைவுக்குப் பிறகு சாம்பசிவய்யர் தனியாக வாசித்தார். 1952-இல் சங்கீத நாடக அகாடமி முதன்முதலாக விருது கொடுத்தபோது அதைப் பெற்றவர்களில் அவரும் ஒருவர்.

அவர் வீட்டுக்குச் சிறு பிள்ளையாகவே வந்து சேர்ந்தவர் ரங்கநாயகி ராஜகோபாலன், 1932-இல் பிறந்தவர். குருகுலம் என்றால் இன்று நாம் வாரத்தில் இரண்டு மணி நேரம் போய்வருகிற வகுப்பு இல்லை. குருவின் வீட்டிலேயே சாப்பாடு, குருவின் வீட்டிலேயே தூக்கம், விடியுமுன் எழுந்து சாதகம். அது மிகக் கண்டிப்பான வீடு. அந்தப் பிள்ளையின் விரலில் காரைக்குடி வழியின் மீட்டும் அசைவும் ஆண்டுக்கணக்கில் இறங்கின. பின்னாளில் அந்த வழி எப்படி இருக்கும் என்று கேட்டவர்கள் அவர் வாசிப்பைத்தான் கேட்கப் போனார்கள். 2018-இல் மறையும்வரை.

குழந்தை வீணையில் விரல் வைத்த முதல் ஆண்டுகளில் மேடையில் கேட்பதற்கு என்ன இருந்திருக்கும்? ஒன்றும் இருந்திருக்காது. ஸரளி வரிசை, ஜண்டை வரிசை, மறுபடி ஸரளி வரிசை. ஆனால் அந்த நாளெல்லாம் ஒருவர் சோறு போட்டார், ஒருவர் தவறைத் திருத்தினார். தலைமுறைகளாகக் கெட்டிப்பட்டுக் கல்லாகிப்போன ஒரு ஞானத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து, அந்தப் பிள்ளைக்கு ஏற்கும் சர்க்கரையாக்கிக் கீழே அனுப்பிக்கொண்டே இருந்தார். நல்ல குருவின் வேலை தவுனின் வேலை என்று அந்தப் பாத்தி ஓரம் நின்றபோது எனக்குப் பட்டது. முளை மேலே வந்து, இலை விரித்து, தானே வெயிலைச் சமைக்கத் தொடங்கும் நாளில் கொட்டை காலியாகியிருக்கும்.

இந்தக் காத்திருப்பு எத்தனை நாள்? பனையின் கணக்கு இன்னும் கடுமையானது.

இலை மேலே வந்த பிறகும் பனை உயரமாவதில்லை. ஒரு இலை, இரண்டு இலை, பிறகு விசிறியாக நாலைந்து. வடலி என்கிறோம். தரையோடு தரையாக, தண்டே இல்லாமல், ஆண்டுக்கணக்கில் அப்படியே நிற்கும். சோம்பேறி மரம் என்று நினைக்கத் தோன்றும். உள்ளே நடப்பது வேறு. வேம்போ புளியோ ஒவ்வோர் ஆண்டும் பட்டைக்கு அடியில் ஒரு வளையம் கட்டிப் பருக்கும். ஒல்லியாக உயர்ந்துவிட்டுப் பிறகு பருத்துக்கொள்ளலாம் என்ற வசதி அவற்றுக்கு உண்டு. அந்த வளையம் கட்டும் திசு பனைக் குடும்பத்துக்குக் கிடையாது. தென்னைக்கும் இல்லை, ஈச்சைக்கும் இல்லை, பனைக்கும் இல்லை. அதனால் தண்டு எவ்வளவு அகலம் இருக்கப் போகிறதோ அந்த அகலத்தைத் தரைமட்டத்திலேயே கட்டி முடித்தாக வேண்டும். ஒவ்வோர் இலைக்கும் அடிப்பகுதி கொஞ்சம் அகலமாகிக்கொண்டே போகும், தலைகீழாக நிறுத்திய கூம்புபோல. முழு அகலம் வந்த பிறகுதான் மரம் மேல்நோக்கிக் கிளம்பும். அகலம் முடிந்த பிறகே உயரம்.

இதற்கு ஒரு சோகமான சாட்சியும் உண்டு. தென்னந்தோப்பில் நடந்து பாருங்கள். நடுவில் இடுப்பு ஒட்டிப்போன மரம் ஒன்றிரண்டு நிற்கும். வளர்நுனி அந்த உயரத்தில் இருந்த ஆண்டுகளில் தண்ணீரோ சத்தோ போதாமல் தண்டு மெலிந்திருக்கும். பிறகு நல்ல மழை பெய்து, மேலே அகலம் திரும்பி வந்திருக்கும். ஆனால் அந்த ஒடுங்கிய இடம் பழைய அகலத்துக்கு நிரம்பாது. மரம் பட்டினி கிடந்த ஆண்டுகள் மரத்தின் உடம்பிலேயே எழுதப்பட்டிருக்கும்.

மனித மூளைக்குள்ளும் இப்படி ஒரு பருக்கும் வேலை நடக்கிறது. நரம்பு இழைகளைச் சுற்றி மயலின் என்ற கொழுப்பு உறை இருக்கிறது, மின்கம்பியைச் சுற்றிய பிளாஸ்டிக் உறைபோல. உறை இல்லாத இழையில் செய்தி நொடிக்கு ஒரு மீட்டர் அளவில் நகரும். நன்றாக உறை கட்டிய இழையில் நொடிக்கு நூறு மீட்டர்வரை ஓடும். 2014-இல் லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் எலிகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். ஓடும் சக்கரத்தில் சில படிகளை இடைவெளி ஒழுங்கில்லாமல் எடுத்துவிட்டார்கள். சாதாரண எலிகள் சில நாளில் அந்தக் கோணல் சக்கரத்தில் ஓடப் பழகிக்கொண்டன. புதிதாக மயலின் கட்டும் செல்கள் உருவாகாதபடி தடுக்கப்பட்ட எலிகளால் அந்தத் திறனைச் சரியாகக் கைவசப்படுத்த முடியவில்லை. புதிய கைத்திறன் கற்பது என்பது உடம்புக்குள் ஒரு கட்டுமான வேலை. செல் பிறக்க வேண்டும், உறை சுற்ற வேண்டும். அதற்கு நாள் வேண்டும். விடியுமுன் எழுந்து வாசித்த ஸரளி வரிசை காற்றில் கரைந்துபோனதாக நமக்குத் தெரியும். விரலுக்கும் மூளைக்கும் நடுவில் அது தடித்துக்கொண்டே வந்திருக்கும்.

எத்தனை ஆண்டு என்று எண்ணிப் பார்த்தவரும் உண்டு. சிகாகோ பல்கலைக்கழகத்தின் பெஞ்சமின் புளூம், தம் குழுவோடு 120 பேரைத் தேடிப்பிடித்து அவர்கள் வளர்ந்த கதையைக் கேட்டார். பியானோ கலைஞர்கள், சிற்பிகள், நீச்சல் வீரர்கள், டென்னிஸ் வீரர்கள், கணித அறிஞர்கள், நரம்பியல் ஆய்வாளர்கள். எல்லோரும் இளவயதிலேயே தம் துறையின் உச்சிக்குப் போனவர்கள். அந்த நூல் 1985-இல் வந்தது. பியானோ கலைஞர்களுக்கு முதல் பாடத்திலிருந்து உலக மேடையில் பெயர் கிடைக்கும்வரை சராசரியாக 17 ஆண்டு ஆகியிருந்தது. பனை பாளை விட 12 முதல் 20 ஆண்டு ஆகும் என்பார்கள். இரண்டு கணக்கும் இவ்வளவு அருகில் வந்து நிற்பது தற்செயல்தான், ஆனாலும் அதைப் படித்த அன்று எனக்கு உடம்பு சிலிர்த்தது.

அதே ஆய்வில் இன்னொரு செய்தி இருக்கிறது, நம் பழமொழிக்கு நேர் பதில்போல. அந்த 120 பேரும் 11, 12 வயதாக இருந்தபோது பார்த்திருந்தால், இவர் பின்னாளில் துறையின் முதல் வரிசைக்கு வருவார் என்று உறுதியாகச் சொல்லும்படி வளர்ந்திருந்தவர்கள் பத்தில் ஒருவருக்கும் குறைவு என்று புளூம் மதிப்பிட்டார். முளையில் தெரியவில்லை. பன்னிரண்டு வயதிலும் தெரியவில்லை.

பனையிலும் அப்படித்தான். பனையில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. நுங்கு தருமா தராதா என்பது பாளை விடும்வரை மரத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. விதையைக் குலுக்கிப் பார்த்தாலும் தெரியாது, வடலியின் இலையை எண்ணிப் பார்த்தாலும் தெரியாது. ‘தென்னை வைத்தவன் தின்றுவிட்டுச் சாவான், பனை வைத்தவன் பார்த்துவிட்டுச் சாவான்’ என்று சொன்னவர் அந்தக் காலக்கணக்கைத்தான் சொன்னார். அப்படியிருந்தும் இந்தச் சீமையின் கண்மாய்க் கரையெல்லாம் பனையாக நிற்கிறது. யாரோ வைத்திருக்கிறார்கள்.

எல்லாக் கலைஞரும் பனையா என்றால், இல்லை. நெல்லும் இருக்கிறது.

நாற்று விட்ட நெல்லைப் பிடுங்கித்தான் நட வேண்டும். நாற்றங்காலில் நெருக்கமாக வளர்ந்த பயிரைப் பறிக்கும்போது வேர் அறுகிறது. நட்ட நாலைந்து நாள் வயல் வெளிறிப்போய், போட்டது போய்விட்டதோ என்று பயப்பட வைக்கும். பிறகு அடிக்கணுவிலிருந்து புது வேர் ஓடும். பச்சை கட்டும். இடம் கிடைத்த மகிழ்ச்சியில் தூர் வெடிக்கத் தொடங்கும். ஒரு நாற்று இருபது முப்பது தூராகும். திருந்திய நெல் சாகுபடியில் இரண்டு வார இளநாற்றை, வேர் மண்ணோடு, ஒற்றையாக, தள்ளித் தள்ளி நடுகிறார்கள். தூர் வெடிக்கும் பருவம் தொடங்குமுன் புது நிலத்துக்குப் போய்விட்டால் அந்தப் பயிருக்கு இழப்பு குறைவு, பெருக்கம் அதிகம் என்பதே கணக்கு.

கீழச்சிவல்பட்டிக்குப் பக்கத்து ஊர் சிறுகூடல்பட்டி. 1927-இல் அங்கே பிறந்த முத்தையா அப்படி ஒரு நாற்று. சிறு வயதிலேயே காரைக்குடிக்குப் பிள்ளை கூட்டப்பட்டுப் போனார். வாரிசு இல்லாத வீட்டுக்கு மகனாகப் போவதை நகரத்தார் பிள்ளை கூட்டுதல் என்பார்கள். அங்கே நாராயணன் என்று பெயர் மாறியது. பள்ளிப் படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றது. பதினாறு வயதில் சென்னை, திருவொற்றியூரில் ஒரு கம்பெனியில் வேலை. மறுபடி வேர் அறுந்து, புதுக்கோட்டைச் சீமையிலிருந்து வந்த திருமகள் இதழில் போய் ஊன்றினார். எழுத்து அங்கேதான் பச்சை கட்டியது. கண்ணதாசன் என்ற பெயரும் அங்கேதான் முளைத்தது. 1949-இல் கன்னியின் காதலி படத்துக்கு முதல் பாட்டு. மூன்று பெயர், மூன்று நிலம். ஒரு குழந்தையை வீடு மாற்றியதை நியாயப்படுத்த நான் இதைச் சொல்லவில்லை. பிரிவின் வலியை அவரே வாழ்நாளெல்லாம் எழுதிக்கொண்டிருந்தார். அறுந்த இடத்திலிருந்து அத்தனை தூர் வெடித்தது என்பதையும் தமிழ்நாடே கேட்டது.

நாற்றைச் சரியான நேரத்தில் மாற்றி நட்டதற்கும் இங்கேயே ஒரு கதை இருக்கிறது. காரைக்குடியை ஒட்டிய அரியக்குடியில் 1890-இல் பிறந்த ராமானுஜய்யங்கார் முதலில் புதுக்கோட்டை மலையப்பய்யரிடம் கற்றார். அடுத்து நாமக்கல் நரசிம்மய்யங்கார். அதன் பிறகு ராமநாதபுரம் பூச்சி சீனிவாசய்யங்கார். மூன்று குரு, மூன்று நடவு. இன்று கச்சேரி என்றால் வர்ணத்தில் தொடங்கி இப்படி இப்படிப் போகும் என்று நாம் எதிர்பார்க்கிற அந்த அமைப்புக்கு வடிவம் கொடுத்தவர் என்று போற்றப்படுகிறவர் அவர். புளூமின் 120 பேர் கதையிலும் இந்த மூன்று நடவு திரும்பத் திரும்ப வருகிறது. முதல் ஆசிரியர் பெரும்பாலும் பக்கத்துத் தெருக்காரர், பெரிய வித்துவான் இல்லை, ஆனால் அன்பானவர். பாடம் என்றால் பிள்ளை ஓடி வர வேண்டும் என்பதை மட்டும் பார்த்துக்கொண்டவர். இரண்டாமவர் கண்டிப்பானவர், பிசிறு தட்டவிடாதவர். மூன்றாமவர் மேதை. இந்த வரிசை தலைகீழானால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். முளைவிட்ட மறுநாளே நடுவயலில் நட்ட நெல்தான்.

கண்டிப்புக்கும் ஒரு தாவரவியல் உண்டு. 1973-இல் மார்க் ஜாஃபி என்ற அமெரிக்க ஆய்வாளர் இளஞ்செடிகளின் தண்டை நாள்தோறும் சில நொடி விரலால் நீவிவிட்டார். வேறொன்றும் செய்யவில்லை. நீவப்பட்ட செடிகள் குட்டையாகவும் தடிப்பாகவும் வளர்ந்தன. சும்மா விட்டவை ஒல்லியாக உயர்ந்தன. காற்றில் ஆடும் செடி, தான் ஆட்டப்படுவதை உணர்ந்து, உயரத்தில் செலவழிக்க வேண்டியதைத் தண்டில் போட்டுக்கொள்கிறது. முட்டுக்கொடுத்தே வளர்த்த கன்று முட்டுக்கோலை எடுத்த அன்று சாய்வதை நம் வீட்டுத் தோட்டத்தில் எல்லோரும் பார்த்திருப்போம். ‘அந்த இடத்தில் கமகம் நிற்கவில்லை, மறுபடி பாடு’ என்று குரு சொல்வது அந்த நீவல். ஆனால் ஜாஃபி நீவினார், முறிக்கவில்லை. இந்த வேறுபாடு தெரியாத கைகளில் சிக்கிப் பாட்டையே விட்டுவிட்ட பிள்ளைகளை எனக்குத் தெரியும். அவர்களில் ஒருத்தி என் வகுப்புத் தோழி. அவள் குரல் இன்னும் காதில் இருக்கிறது.

பனங்கிழங்கைப் பற்றி ஒன்று சொல்லாமல் விட்டுவிட்டேன், சொல்லக் கஷ்டமாக இருந்ததால். நாம் தின்னும் ஒவ்வொரு கிழங்கும் மரமாக விடாமல் பிடுங்கிய ஒரு பனை. இலை விரியுமுன் பிடுங்கினால்தான் கிழங்கு மாவாக, இனிப்பாக இருக்கும். இலை விரிந்துவிட்டால் உள்ளே சேர்த்த மாவை மரம் தனக்காகச் செலவழிக்கத் தொடங்கிவிடும். கிழங்கு நார் ஆகிவிடும், தின்ன முடியாது. மரத்துக்கு நல்ல நேரம் தொடங்கும்போது நமக்கு ருசி போய்விடுகிறது.

தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டிகளில் எட்டு வயதுப் பிள்ளை பெரியவர்கள் பாட்டை அச்சாகப் பாடி, அரங்கம் எழுந்து நின்று கைதட்டும்போது எனக்கும் கண் கலங்கும். அந்தக் குரல் அவ்வளவு இனிப்பு. அந்தப் பிள்ளை பதினான்கு வயதில், குரல் உடைந்து, பழைய பாட்டும் வராமல் தன் பாட்டும் இன்னும் பிறக்காமல் நிற்கும்போது பார்க்க யாரும் வருவதில்லை. நார் பாய்கிற பருவம் அது. அந்தப் பருவத்தில் பக்கத்தில் நின்று, ‘பரவாயில்லை, இந்த மாதம் வரிசை மட்டும் பாடு’ என்று சொல்ல ஒருவர் இருந்தால் போதும் என்று மனம் அடித்துக்கொள்கிறது.

வெயில் ஏறிவிட்டது. பெரியவர் கிழங்கை இருபத்தைந்து இருபத்தைந்தாக எண்ணி, பனை ஈர்க்கால் கட்டிச் சாக்கில் அடுக்கினார். நான் இரண்டு கட்டு வாங்கிக்கொண்டேன். பாத்தியின் கடைசி மூலையில் ஒன்று மட்டும் குருத்து வெளியே தலைகாட்டி, பச்சையாக, ஒரு விரல் அகலத்துக்கு இலை விரித்திருந்தது. மண்வெட்டி அதன் பக்கம் போனது, நின்றது.

“இது நார் பாஞ்சிருச்சு. ஆகாது தம்பி.”

சரிந்திருந்த மண்ணைக் காலால் அதன் பக்கம் தள்ளிவிட்டார். போதாதென்று குனிந்து கையாலும் இரண்டு அள்ளு அணைத்துவிட்டு, சாக்கைத் தோளில் தூக்கிக்கொண்டு சாலையில் ஏறினார்.